பன்னிரண்டு வகை விருந்தும் எட்டுப் பேர் பட்டியலும்

லிஃப்ட் ஆய்வாளரை அலுவலகத்தில் யாரும் பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'மறுசோதனை' என்றால் போதும், யாரைப் பற்றிப் பேச்சு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு லிஃப்டைப் பார்த்து, சரி என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகு எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று திரும்ப ஏறுகிற மனிதர். படியில்தான் ஏறுவார், படியில்தான் இறங்குவார். மூடிக்கொண்டு வரும் லிஃப்ட் கதவுக்கு நடுவே குடையை நீட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். கதவு ஒழுங்காகத் திறந்துகொண்டால், "இப்ப திறந்துச்சு. நாளைக்கு?" என்பார். இதற்குக் கட்டட முதலாளி என்ன பதில் சொல்வான், பாவம்.

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஆய்வுக்குப் போன எந்த இடத்திலும் அவர் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தவரில்லை. பையில் சொந்த பாட்டில் இருக்கும். அன்பளிப்பு வந்தால் எழுதி வைக்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு உண்டு. அதில் அவருக்கென்று ஒதுக்கிய பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அப்படிப்பட்டவர் வீட்டு முகவரிக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஓர் அட்டை. ஊரின் நடுவே புதிதாக வந்திருக்கும் தாய்லாந்து உணவகம் ஒன்றில், அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, இரண்டு பேருக்கு இடம் போட்டாயிற்றாம். பன்னிரண்டு வகைப் பதார்த்தம், ஒன்று முடிந்ததும் ஒன்று, மொத்தம் மூன்று மணி நேரம். செலவு எல்லாம் ஏற்கெனவே கட்டியாயிற்று. ஏற்பாடு செய்தவர் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

மற்றவராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இவர் அட்டையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, உள்ளே வேறு எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார்.

"அடுத்த வாரம் அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்துக்குப் போறேன். லிஃப்ட் சரியில்லன்னு ரெண்டு தடவை சான்று குடுக்காம விட்டேன். இப்ப வலை விரிச்சிருக்கானுங்க" என்றார்.

அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களுக்குக் கண் சோதித்து, முகத்துக்குத் தோதான ஃபிரேம் எடுத்துக் கொடுப்பாள். அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போய்த்தான் பாப்போமே" என்றாள்.

"போறதா? இது விருந்து இல்ல, தூண்டில்."

"அப்படியா" என்று தலையணை உறையை உதறி மடித்தாள். லிஃப்டைத் தூக்கும் இரும்பு வடத்தில் ஒரு நூல் இழை அறுந்திருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற மகானுபாவர், அந்த நேரத்தில் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவர் வீட்டில் தனியாக இருந்தபோது உணவகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசிய பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"சார், இறால் சாப்பிட்டா உங்களுக்கு உதடு வீங்கும்னு குறிச்சு வச்சிருக்கோம். அஞ்சாவது தட்டுல இறாலுக்குப் பதிலா காளான் வைக்கிறோம். பரவாயில்லையா?"

"இதை யார் சொன்னது?"

"அதைச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க சார். அப்புறம், இடது முழங்கால் சரியா மடங்காதுன்னு சொன்னாங்க. அதனால தாழ்வான இருக்கை வேணாம்னு நாற்காலி போட்டிருக்கோம். சாப்பாட்டுக்கு நடுவுல நிறைய தண்ணி குடிப்பீங்களாம். பெரிய கூஜா வச்சுடறோம்."

மூன்று வருடத்துக்கு முன்பு லிஃப்ட் குழியில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்ததில் போன முழங்கால் அது. அன்றைக்குப் பக்கத்தில் நின்றவன் வடம் விற்கிற கம்பெனியின் ஏஜென்ட். ஆனால் இறால்? அவன் எங்கே இறாலைக் கண்டான்? யாரோ தன்னை நாள்கணக்காகப் பின்தொடர்ந்து வேவு பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "ரத்து பண்ணுங்க. உடனே" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதோடு விட்டாரா? மறுநாள் மாலை அந்த உணவகத்துக்கு எதிரே, செருப்பு தைக்கிறவரின் குடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். குறுகலான கதவு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சமையல்காரர் எலுமிச்சைப் புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் பன்னிரண்டு வகையும் எழுதித் தொங்கியது. முதல் வகை, ஒரே ஓர் இலை. அதற்குள் வறுத்த தேங்காயும் இஞ்சியும் எலுமிச்சைத் துண்டும் மடித்திருக்குமாம். ஒரு தட்டில் ஓர் இலை. இப்படிக் கொடுத்து மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்றால் அந்த மூன்று மணி நேரத்தில் எதிர் நாற்காலியில் எவனோ வந்து உட்காரப் போகிறான் என்றுதான் அர்த்தம் என்று அவர் முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். மொத்தம் நான்கு பக்கம். அவர் எழுதும் கடிதத்தை மனைவி ஒரு தடவை படித்துப் பார்ப்பது வழக்கம். அவர் கையெழுத்தை வேறு யாராலும் படிக்க முடியாது என்பதால், புரியாத எழுத்தையெல்லாம் அவள்தான் திருத்தித் தருவாள். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே படித்தாள். விருந்தை ரத்து செய்துவிட்டதாக எழுதிய வரி வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். 'இந்த விருந்தை எனக்கு ஏற்பாடு செய்திருக்கக் கூடியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, வரிசை எண்ணோடு ஒரு பட்டியல் இருந்தது. பதினோரு மாடி முதலாளி, வடம் ஏஜென்ட், கதவு விற்கிறவர், அவர் நாற்காலி மேல் கண் வைத்திருக்கும் சக ஆய்வாளர், இப்படிப் போய், வீட்டில் லிஃப்ட் வைக்க ஆசைப்படும் அவளுடைய சொந்த அண்ணனையும் தொட்டு, எட்டாவதாக முழங்கால் டாக்டரில் முடிந்தது.

"எட்டுப் பேர் எழுதியிருக்கீங்க" என்றாள்.

"யோசிச்சு யோசிச்சு எழுதினது. ஒருத்தரையும் விடல."

"கால் டாக்டரைக்கூட விடல."

"அவர்தானே காலைப் பாத்தவர்."

"தினம் தைலம் தேய்ச்சு விடறது யாரு?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார். காகிதத்தை வாங்கி, எட்டுக்குக் கீழே ஒன்பது என்று போட்டார். புள்ளியும் வைத்தார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"நீயா?" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "எதுக்கு?" என்றார். கட்டட முதலாளிகளிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே அது காதில் விழுந்தது.

"ஊர்ல எட்டுப் பேர் உங்களுக்கு விருந்து வைப்பாங்கன்னு தோணுது. வீட்டுல இருக்கிறவ வைப்பான்னு தோணல, இல்ல?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன் வெள்ளிக்கிழமை, ஏன் ஏழு மணி, ஏன் தாய்லாந்துச் சாப்பாடுன்னு குடைவீங்க."

"ஏன் தாய்லாந்துச் சாப்பாடு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. "அங்க சமைக்கிறவர் கண்ணாடி மாத்த எங்க கடைக்கு வந்தார். ஒவ்வொரு தட்டா வரும், நடுவுல யாராலயும் எழுந்து போக முடியாதுன்னார். நீங்க ஏழு நிமிஷத்துல சாப்பிட்டு எழுந்துடறீங்க. நான் தட்டுல கை வைக்கும்போது நீங்க கை கழுவிட்டு இருப்பீங்க. மூணு மணி நேரம் என் எதிர்ல உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சேன். என் சம்பளத்துலதான் கட்டினேன், ஒருத்தர் காசும் இல்ல. கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுங்க. உங்க பக்கம் சுத்தமா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவமானமாகவும் இருந்தது. நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

"அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோமே சார்" என்றாள் தேன் குரல் பெண். "இனிமே நாலு மாசம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமைதான் இருக்கு."

"போடுங்க. ஏற்பாடு பண்ணினது என் மனைவின்னு தெரிஞ்சுபோச்சு."

"உங்களைப் பத்தி அம்மா ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்காங்க, அது பத்திரமா இருக்கு. அவங்களைப் பத்தி எழுத வேண்டிய இடம் காலியா விட்டிருக்காங்க. அவங்களுக்கு எது பிடிக்கும், எது ஆகாது, சொல்லுங்க சார்."

அவர் வாயைத் திறந்தார். இந்த ஊரில் இருநூறு லிஃப்டின் பிரேக் எப்போது மாற்றியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இது அவருக்குத் தெரியாது. தொலைபேசியை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"உனக்கு என்ன பிடிக்கும்? என்ன ஆகாது?"

அவள் குழாயை மூடினாள். திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"தெரியல. அதான் கேக்குறேன்."

அவள் சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணை அப்புறமா கூப்பிடறேன்னு சொல்லிட்டு, பேனா எடுத்துட்டு வாங்க" என்றாள்.