இல்லாத பக்கத்தைப் படித்தவள்

போன வாரம் அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் வறுத்த கடலை வாங்கினேன். சாப்பிட்டு முடித்ததும் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களுக்கும் இருக்கும், சும்மா சொல்லுங்கள். அது பழைய தமிழ்ப் பாடப்புத்தகத்தின் ஒரு தாள். எண்ணெய்க் கறையோடு அதை முகர்ந்ததும் எனக்குப் பாக்யா ஞாபகம் வந்துவிட்டது.

இருபது வருஷத்துக்கு முன்னால், இதே தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு டீச்சராகச் சேர்ந்தேன். முதல் வேலை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. பக்கத்து 'அ' பிரிவுக்கும் எங்களுக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். அங்கே எந்தப் பாடமும் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் நடக்கும். டீச்சர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் மூன்று தடவை திருப்பிக் கத்துவார்கள். மின்சார ரயில் போகும்போது எல்லாரும் நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

என் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரும்பாடு. பாக்யா மட்டும் விதிவிலக்கு. ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள், ஒல்லிக்குச்சி, கணீரென்ற குரல். வாக்கியத்தின் நடுவே திடீரென்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டுத் தொடருவாள். நான் சொக்கிப்போய், "நிறுத்திப் படிக்கிறதுன்னா இதுதான், பாத்துக் கத்துக்கோங்க" என்று மற்றவர்களிடம் சொன்னேன். ஒருநாள் ஹெச்.எம். அதைக் கேட்டுவிட்டு, காலாண்டு லீவு முடிந்த முதல் திங்கள்கிழமை பிரேயரில் பேப்பர் படிக்க அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அது சாதாரண கௌரவம் இல்லை.

மறுநாள் அவள் படிக்கும்போது தற்செயலாக அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். புத்தகத்தில் இடது பக்கம் நாற்பத்திரண்டு, வலது பக்கம் நாற்பத்தைந்து. நடுவில் ஒரு தாள் கிழிந்துபோயிருந்தது. பாக்யாவோ நாற்பத்து மூன்றாம் பக்கத்தை ஒரு பிசிறில்லாமல் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். அப்போது அவள் வாக்கியத்தின் நடுவே நிறுத்தினாள். முந்தின நாள் அதே வரியில்தான் பக்கத்து வகுப்பு ரயிலுக்காக நின்றது. நான் ரசித்ததெல்லாம் ரயில் விட்ட இடைவெளிகள்.

மத்தியானம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எழுத்து தெரியும், சேர்த்தால் வார்த்தையாக வராது என்று ஒப்புக்கொண்டாள். ஹெச்.எம்.மிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடட்டுமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எங்க நைனா பாக்க வரேன்னு சொல்லிகீது மிஸ். ஆனா பேப்பரு தெனம் புச்சா வருதே, அத்த எப்பிடி மிஸ் மனப்பாடம் பண்றது?"

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தத் திங்கள்கிழமைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அதற்காக ஆரம்பித்ததுதான் சாக்பீஸ் டப்பா விளையாட்டு. பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தைச் சீட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வேலை எழுதி டப்பாவில் போடுவேன். எடுத்தவர் மனதுக்குள் படித்து, எழுதியிருப்பதைச் செய்துகாட்ட வேண்டும். மற்றவர்கள் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தச் சீட்டும் மறுபடி வராது, பக்கத்து வகுப்பிலிருந்தும் காதில் விழாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதல் நாளே பாக்யா சீட்டைப் பிரித்தாள், பார்த்தாள், வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டாள். சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது என்று நினைத்து வகுப்பே கைதட்டியது.

அன்றிலிருந்து அவளுடைய சீட்டை மட்டும், அவள் தடவிப் பார்த்து எடுக்கும்படி, முக்கோணமாக மடித்தேன். முதல் சீட்டில் ஒரே வார்த்தை: குதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்து, வியர்த்து, கடைசியில் ஒரு குதி குதித்தாளே, பெஞ்ச் ஆடியது. பிறகு இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. மற்ற பிள்ளைகளும் சும்மா இல்லை. வீட்டுப்பாடத்துக்கு நோட்டைத் திறக்காதவர்கள், அடுத்த சீட்டில் என்ன வருமோ என்று வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

லீவுக்கு முன்னால் ஒருநாள், 'என் கைப்பையில் கடலை மிட்டாய் இருக்கிறது, கேட்காமல் எடுத்துக்கொள்' என்று எழுதினேன். நேராக வந்து பையைத் திறந்து இரண்டு எடுத்தாள். ரெண்டு என்று நான் எழுதவில்லையே என்றேன்.

"ஒண்ணுன்னும் எய்தல மிஸ்" என்றாள்.

எனக்குச் சம்பளம் வாங்கினபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அந்தத் திங்கள்கிழமை கேட்டுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்திவிட்டு அவள் அப்பா காக்கிச் சட்டையோடு நின்றார். பாக்யா பேப்பரைப் பிரித்து, விரலை வரிக்கு அடியில் வைத்தாள். "பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போக்… போக்கு… வரத்து… மாற்றம்." தடுக்கி விழுந்து எழுந்து, மழைச் செய்தி வரை வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் நெளிந்தார்கள். ஹெச்.எம். என் பக்கம் குனிந்தார்.

"நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே, இன்னைக்கு என்னம்மா ஆச்சு?"

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். நடுவில் ஒரு ரயில் கடந்து போனது. பாக்யா நிறுத்தவே இல்லை.

அடுத்த வருஷம் அவர்கள் வானகரம் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு, பாதிச் சுவர் நின்ற இடத்தில் லிஃப்ட். நானே பேப்பர் வாங்குவதை நிறுத்தி நாளாகிவிட்டது. பாடப்புத்தகமும் மாறிவிட்டது.

கடலைத் தாளில் பக்க எண்ணைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று இல்லை, அவ்வளவு அதிர்ஷ்டமெல்லாம் எனக்குக் கிடையாது. கதை பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. மிச்சம் வேறு யாருடைய கடலையோடு போனதோ. ஆரம்பத்தில் நான் பார்த்த பாக்யாவாக இருந்தால் மிச்சத்தைத் தாள் இல்லாமலே சொல்லியிருப்பாள். அந்தத் திங்கள்கிழமைப் பாக்யாவாக இருந்தால், "அடுத்த தாள் எங்க கீது மிஸ்?" என்று கேட்டிருப்பாள்.