கொழும்பைப் படம் பிடிக்கப் போனது

அந்தச் சனிக்கிழமை காலை ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறியது மாமாவும் நானும்தான். அம்மா வரவில்லை, தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நிற்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அக்கா வரவில்லை, வயதுக்கு வந்த பிள்ளை கண்ட இடத்தில் படுக்கக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். தாத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், முழங்கால் வலியோடு லயத்து வீட்டில் இருந்தார். அப்பா கொழும்பில் இருந்தார். நாங்கள் வருவதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஹட்டனில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம், கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கும் வேலை. முதலாளி கழித்துப் போட்ட பழைய கேமரா ஒன்றை வாங்கி, அதைக் கழுத்தில் மாட்டியபடியே தூங்கிக்கொண்டிருந்த காலம் அது. "ரெண்டே நாளு மருமவனே! கோச்சி, பஸ்ஸு, மிச்சத்துக்குக் காலு. கொழும்பு மொத்தத்தயும் புடிச்சிருவோம்" என்றார். அம்மா மறுப்பாள் என்று பயந்தேன். கடைக்குப் போகும் வழியில் இருபது ரூபாயைத் தொலைத்ததற்கு விறகுக்கட்டையைத் தூக்கியவள் அவள். அன்றைக்கோ சீட்டுக் கட்டிச் சேர்த்த காசை எடுத்து மாமாவின் கையில் வைத்தாள்.

"அவரு ரூம்பு, வேல செய்ற கட, கூட யாரு இருக்கா, எல்லாத்தயும் படமா எடுத்துட்டு வா. வாயால ஒண்ணும் சொல்லாத. மச்சான்னா நீ விட்டுக்குடுக்க மாட்ட."

அம்மாவுக்கும் போட்டோவில் நாட்டம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

என்னைத் தவிர லயத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அப்பா அந்த வருஷம் தீபாவளிக்கு வரவில்லை. காசு வந்தது, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வந்தது. வீடியோ கோல் எடுத்தால் மின்விசிறி தெரியும், கூரை தெரியும், அப்பா தெரியமாட்டார். "கேமரா பழுதாப் போச்சு" என்று குரல் மட்டும் கேட்கும். அம்மா கொடுத்துவிட்ட முறுக்குப் பார்சலோடு பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் கொழும்பில் அப்பாவின் ரூமுக்குப் போனபோது, அவர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டாராம். உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நாலு நாளில் அவளுக்கு நீளக் கூந்தலும் வைத்துவிட்டார்கள். அம்மா அதைக் கேட்டு யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்கு மூச்சு முட்டியது. அத்தனை பேரும் எங்கேயோ தாமதமாகிவிட்டதைப் போல நடந்தார்கள். மாமா மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்பதால் பஸ்ஸின் பலகையை வாசிப்பது என் வேலை. நான் வாசிக்க, அவர் ஏற, இரண்டு தடவை தப்பான பஸ்ஸில் போய் இறங்கினோம். அங்கேயும் படம் எடுத்தோம். புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர்களை எடுத்தோம். ஒருவர் சிங்களத்தில் திட்டினார், மாமா சிங்களத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரை இன்னொன்று எடுத்தார். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கித் தந்து, முதல் தடவையாகக் கேமராவை என் கையில் கொடுத்தார். கடலையும் அதில் இறங்கும் சூரியனையும் ஒரு காகத்தையும் நான் எடுத்தேன். அதுதான் உலகத்திலேயே நல்ல போட்டோ என்று நினைத்தேன்.

"மாமா, அப்பாவப் பாக்கப் போகலியா?"

"வெளிச்சம் சரியில்ல மருமவனே. நாளைக்குப் போவோம்."

மறுநாள் கொளுத்துகிற வெயில். அப்போதும் வெளிச்சம் சரியில்லை என்றார். பார்க்கிற சுவர், நாய், குடை எல்லாவற்றுக்கும் நின்று நின்று படம் எடுத்தார். படத்துக்காக நிற்கிறார் என்று நம்பினேன். மத்தியானம் பசி வந்த பிறகுதான், கடலோரமாக ஓடும் கோச்சியில் பம்பலப்பிட்டிக்குப் போனோம்.

அப்பா வேலை செய்த சாப்பாட்டுக் கடை முன்பு சின்னதாக இருந்ததாம். இப்போது கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். மாமா மேசைமுன் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். கேமரா என்னிடம் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, மழுமழுவென்று சிரைத்த முகத்தோடு ஒருவர் தட்டை ஏந்தி வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். சட்டென்று தட்டை மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடித்தார். வேடிக்கையாக இருந்ததால் ஒரு படம் எடுத்தேன்.

"மாப்ள, போட்டோ வேணாம் மாப்ள! புள்ளைகிட்டச் சொல்லு!"

குரல் அப்பாவுடையது.

கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் அவர் சொன்னார். கடையைப் பெரிதாக்கிய புது முதலாளி, மீசை வைத்தவர்கள் பின்னால் நின்று கோப்பை கழுவலாம், எடுத்தவர்கள் முன்னால் வந்து பரிமாறலாம் என்றாராம். பரிமாறினால் சம்பளமும் கூட, சாப்பிட வருகிறவர்கள் கொடுப்பதும் உண்டு.

"எடுத்துட்டேன். எடுத்த பொறகுதான் யோசிச்சேன். எங்கப்பா உசுரோட இருக்கயில மொட்ட ஒதட்டோட எப்பிடிய்யா லயத்துப் படியேறுவேன்? பாக்குறவன் ஒப்பாரி வைக்க மாட்டானா?"

எங்கள் பக்கத்தில் பெற்றவருக்குக் கொள்ளி வைத்த பிள்ளைதான் மீசையை எடுப்பான். அதற்குப் பயந்து மனுஷன் ஊர் ஆட்கள் யார் கண்ணிலும் படாமல் மூன்று மாதம் கதவிடுக்கில் வாழ்ந்திருக்கிறார்.

மாமா சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, ரூமைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆறு பேர் தங்கும் ரூம். ஒரே கொடியில் ஆம்பிளைகள் கட்டும் ஆறு சாரம், மூலையில் அம்மா முறுக்குப் போட்டனுப்பிய தகரப் பேணி. மாமா ஒரு மூலை விடாமல் எடுத்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் எடுத்தார்.

"அங்க என்னய்யா தேடுற?"

"வெளிச்சம் பாக்குறேன் மச்சான்."

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா கைகூடக் கழுவாமல் கேமராவை வாங்கினாள். என் கடலை ஒரு விநாடியில் தள்ளினாள். சூரியனையும் காகத்தையும் தள்ளினாள். ரூமின் படங்களில்தான் நின்றாள். கொடியைப் பெரிதாக்கிப் பார்த்தாள், கட்டிலடியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசியாகத் தட்டுக்கு மேலே இரண்டு கண்ணும், தட்டின் ஓரத்தில் பாதி வெறும் உதடுமாக அப்பா வந்தார். மாமா விஷயத்தைச் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அக்காவைக் கூப்பிட்டேன். நிமிர்ந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தாள். "மீசய அங்கயே வச்சிட்டு ஆளு மட்டும் வாங்க."

தாத்தாவிடம் சொன்னபோது அவர் முழங்காலைத் தேய்த்தபடி, "நான் போறப்ப எடுக்க வேண்டியத அட்வான்சா எடுத்துட்டானா? சரி, எனக்கும் வேல மிச்சம். அவசரமா சாகத் தேவயில்ல" என்றார்.

தைப்பொங்கலுக்கு அப்பா வந்தார், நல்ல பகலில், பீலிக்கரை வழியாக. அன்றைக்கு அம்மா தண்ணீருக்கு மூன்று தடவை போனாள். வீட்டில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

நான் எடுத்த கடல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கோணலாகி, பாதி முகம் மறைந்துபோன அப்பாவின் படத்தைத்தான் அம்மா மாமாவிடம் சொல்லிப் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கணக்குச் சொல்லும்போது மாமா தடுமாறினார். கொடுத்த சீட்டுக்காசு போதாமல் கைக்காசும் போயிருந்தது. விறகுக்கட்டை ஞாபகம் வந்து நான் வாசல் பக்கமாக நகர்ந்து நின்றேன். அம்மாவோ, "இவ்வளவுதானா?" என்றாள். இருபது ரூபாய்க்கு அப்படிக் கத்தியவளுக்கு இது எப்படிச் சல்லிசாகத் தெரிந்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. கோச்சி, பஸ், இறால் வடை, கண்ணாடிச் சட்டம் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.