செல்லாத நோட்டுக்கு வாங்கிய பசு

சிங்கப்பூர்ப் பாதையில் லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஊழியர் குடியிருப்பில் கடைசி வீடு டொரத்தியுடையது. கணவன் கேப்ரியல் தண்டவாளத்தில் வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிடும் வேலையில் இருந்தான். வெள்ளைக்காரன் காலத்திலும் அதே வேலை, ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே வேலை. சம்பளம் மட்டும் வேறு காசில் வந்தது. வாழைமரமும் குலையும் அச்சடித்த நோட்டு.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு அரிசி வாங்குவது நாளுக்கு நாள் சிரமமானபோது, டொரத்தி சவுக்காரம் காய்ச்ச ஆரம்பித்தாள். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து எண்ணெய் கிடைத்தது. சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரில் எண்ணெயைக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு இறுக்கி, பலகையில் ஊற்றி நூலால் அறுத்து எடுப்பாள். பழுப்பாக இருக்கும், நாறும், கையை எரிக்கும். ஆனாலும் ஊரில் வேறு சவுக்காரம் இல்லை. சொறி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். புகையில் டொரத்தியின் கண் எப்போதும் சிவந்தே இருந்தது. பார்க்கிறவர்கள் அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அங்கம்மாவும் அப்படித்தான் பழக்கமானாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தவள். அவள் புருஷன் சின்னத்தம்பியைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றிச் சேதி எதுவும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் சண்டைக்கு முன்பே பட்டுக்கோட்டைப் பக்கம் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்தன. கப்பல் நின்றுபோனதால் அங்கேயே தங்கிவிட்டன. லயத்தில் அவளோடு மிஞ்சியது ஒரு செவலைப் பசு.

டொரத்தி மலேரியாவில் விழுந்து, கைக்குழந்தை டோரிசுக்குப் பால் இல்லாமல் போன சமயம் அது. யாரோ சொல்லக் கேட்டு அங்கம்மா ஒரு காலை தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். கேப்ரியல் நோட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அக்கா எழுந்ததும் ஒரு துண்டு சவுக்காரம் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பாலுக்குச் சவுக்காரம், சவுக்காரத்துக்குப் பால். இரண்டு பெண்களுக்கும் இடையில் காசு என்ற பேச்சே வந்ததில்லை. டோரிஸ் பிழைத்து, தவழ்ந்து, நடந்து, அங்கம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வயதுக்கும் வந்தாள்.

ஒருநாள் பால் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அங்கம்மா ஒரு சந்தேகம் கேட்டாள். நிலையத்துச் சுவரில் ஆசியா முழுவதும் ஒரே குடும்பம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்களாமே, அப்படியானால் இந்த வாழைமரத்து நோட்டை ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பினால் செல்லாதா?

கேப்ரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னான்.

"ஊர்ல வெள்ளைக்காரன் ராஜ்யம். இவன் நோட்ட அங்க யாரு மதிப்பா? அத விடு. ஒரே குடும்பம்னு சொல்றவனே பர்மாவுக்கு ரூபா, ஜாவாவுக்கு வேற, நமக்கு டாலர் வெள்ளின்னு தனித்தனியாத்தான் அடிக்கிறான்."

"எதுக்கு அப்படி? உலகம் பூரா ஒரே காசா இருந்தா என்னை மாதிரி ஆளுங்களுக்கு நல்லதுதானே."

"நல்லதா இருக்கும், ஒழுங்கான கையில இருந்தா. இங்க அரிசி இல்ல, ஆனா நோட்டு மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கான். இப்பல்லாம் நம்பர்கூடப் போடறதில்ல. இதே நோட்டு பட்டுக்கோட்டையிலயும் ஓடுச்சுன்னு வை, இங்க அடிக்கிற அடிக்கு அங்க உன் புள்ளைங்களுக்கும் சோறு எட்டாமப் போயிடும். காசுன்னா யாரோ ஒருத்தன் குடுக்கிற வாக்கு. அவன் வாக்க நம்பாத ஊர்ல அது வெறும் தாளு."

அங்கம்மா சிரித்துக்கொண்டே, அப்படியானால் என் பசுதான் நல்ல காசு, எந்த ஊரிலும் பால் கறக்கும் என்றாள். அந்தப் பசுவை எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. கப்பல் ஓடும் நாளில் விற்று டிக்கெட் எடுப்பேன், அதுவரை கயிற்றை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

டொரத்தியிடமோ நோட்டு சேர்ந்துகொண்டே போனது. எல்லாரும் பசுவும் பாலும் வைத்திருக்கிறவர்கள் இல்லையே. சவுக்காரத்துக்கு நோட்டைத்தான் நீட்டினார்கள். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் நேற்றைய விலை இன்றைக்கு இல்லை. என்றைக்காவது இறங்கும் என்று கோணியில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். மூன்று வருஷப் புகை அந்தக் கோணிக்குள் இருந்தது.

நாற்பத்தைந்து ஆகஸ்டு மாதத்தில் ஒரு மத்தியானம், கேப்ரியல் வழக்கத்துக்கு மாறாகக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த வண்டியின் கார்டு, ஒரு சீனர், காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். ஜப்பான் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டது. இன்னும் வெளியே சொல்லவில்லை. சொல்லும்போது இந்த நோட்டு அடுப்பு மூட்டத்தான் ஆகும்.

"போனாப் போவுது. உசுரோட இருக்கோம்," என்றான். அவனுக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

அவன் வேலைக்குத் திரும்பியதும் டொரத்தி கோணியை வெளியே இழுத்தாள். முதலில் கடைகள் இருந்த கம்பத்துக்கு ஓடினாள். மளிகைக்கடைச் சீனர் பாதிக் கதவைச் சாத்தியிருந்தார். அரிசி இல்லை, துணி இல்லை, எதுவும் இல்லை என்று கையை விரித்தார். அவர் பின்னால் மூட்டைகள் தெரிந்தன. காற்றில் சேதி வந்துவிட்டது என்று டொரத்திக்குப் புரிந்தது. கம்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாத இடம் ஒன்றுதான். லயம்.

அந்த எண்ணம் வந்தபோது அவள் நடுரோட்டில் நின்றாள். திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

அங்கம்மா ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். கோணியோடு வந்த டொரத்தியைப் பார்த்ததும் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறினாள். டோரிஸ் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி அவளை உட்காரவைத்தாள் டொரத்தி. பிறகு குரலைத் தாழ்த்தி நல்ல சேதி ஒன்று கொண்டு வந்திருப்பதாகச் சொன்னாள்.

"சண்டை முடியப் போவுது, அங்கம்மா. ஸ்டேஷன்ல சேதி வந்திருக்கு. வெளிய சொல்லிடாத. கப்பல் ஓடப் போவுது."

அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அரற்றினாள். டொரத்தி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுகை அடங்கும்வரை காத்திருந்து, கப்பல் டிக்கெட்டுக்குக் கூட்டம் அடித்துக்கொள்ளும், ரொக்கம் கையில் இருப்பவர்கள்தான் முதலில் போவார்கள் என்றாள். பசுவை நான் எடுத்துக்கொள்கிறேன், வேறு யாரும் தராத விலை என்று கோணியின் வாயைத் திறந்து காட்டினாள்.

அங்கம்மா நோட்டுக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணன் இது ஊர்ல செல்லாதுன்னு சொன்னாங்களே அக்கா."

"ஊர்ல செல்லாது. சிங்கப்பூர்ல ரூபாயா மாத்திக் குடுப்பாங்க லா. அண்ணன்தான் சொல்லச் சொன்னாரு."

அதைச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை என்பதுதான் டொரத்தியைப் பிற்காலத்தில் அதிகம் வதைத்தது. அங்கம்மா கயிற்றை அவிழ்த்து டொரத்தியின் கையில் கொடுத்தாள். பசு நகராமல் நின்றபோது தானே முன்னால் நடந்து, தண்டவாளம் வரை வந்து அதை வழியனுப்பினாள்.

மாலையில் வீட்டுக்கு வந்த கேப்ரியல் கொல்லையில் பசுவைப் பார்த்தான். யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எப்படி வாங்கினாய் என்று மட்டும் கேட்டான். அவள் சொன்னாள். அவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தான். திருப்பிக் கொண்டுபோய் விடு என்று ஒரே ஒருமுறை சொன்னான். குழந்தைக்கு என்ன கொடுப்பேன், மூன்று வருஷ உழைப்பை யார் தருவார்கள் என்று அவள் பாய்ந்தாள். அன்றிலிருந்து அவன் பால் விடாத கறுப்புக் காப்பிதான் குடித்தான்.

சில நாளில் சேதி எல்லாருக்கும் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், ஜப்பான் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். தெருவில் வாழைமரம் காற்றில் பறந்தது. பிள்ளைகள் அதை மடித்துக் காற்றாடி விட்டார்கள். டொரத்தி வாசல் பக்கம் போகாமல் இருந்தாள். அங்கம்மா வருவாள், நாலு பேர் பார்க்கக் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள்.

அங்கம்மா வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. டோரிசைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் வாடியிருந்தது. நோட்டெல்லாம் போய்விட்டதே என்று டொரத்தியைப் பார்த்து வருத்தப்பட்டாள்.

"எனக்கு ஒரு கோணி போச்சு. நீங்க வீட்ல இன்னும் எவ்வளவு வச்சிருந்தீங்களோ. எத்தன வருசம் புகையில நின்னு சம்பாதிச்சது. அண்ணனையும் யாரோ ஏமாத்திட்டாங்க போல. மனச விட்டுடாதீங்க அக்கா."

கொல்லையில் பசு குரல் கேட்டுக் கனைத்தது. அங்கம்மா எழுந்து போய் அதன் நெற்றியைத் தேய்த்துவிட்டு, நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லிப் போய்விட்டாள். வசவையாவது காதில் வாங்கிக்கொண்டு நிற்கலாம். இந்த இரக்கத்தை டொரத்தியால் தாங்க முடியவில்லை.

ஆனாலும் அவள் பசுவைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊருக்கு வெளியே பஞ்சாபிப் பட்டாளம் ஒன்று கூடாரம் அடித்திருந்தது. பாலுக்குப் புது நோட்டாகக் கொடுத்தார்கள். சட்டைத்துணி வந்தது, அரிசி வந்தது, டோரிசுக்குச் செருப்பு வந்தது. ஒவ்வொன்றையும் வீட்டுக்குள் கொண்டுவரும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பழகியவள் கதவோரம் உட்கார ஆரம்பித்தாள். நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்தபோது அவள் முட்டி போட்டபடியே இருந்தாள். கூட இருந்த பெண்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் சாமியார் மறுபடி லாபிசுக்கு வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்துவிட்டால் போதுமா என்று கேட்டாள். அது உன் மனசுக்குத் தெரியும் என்றார். டொரத்திக்குத் தெரிந்துதான் இருந்தது. அங்கம்மா ஏழை, கிறிஸ்துமஸ் தர்மம் என்று சொல்லிக் கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். லயமே அவளைக் கையெடுத்துக் கும்பிடும். பசுவை ஓட்டிக்கொண்டு, அந்த யோசனையோடு பாதி வழி நடந்தாள். தண்டவாளத்தைத் தாண்டும்போது அதை உதறிவிட்டாள்.

பட்டாளத்துப் பால் காசில் மிஞ்சியதையும் முந்தானையில் முடிந்து எடுத்துப் போயிருந்தாள். அங்கம்மா மரவள்ளிக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். பசுவைக் கண்டதும் மண்கையோடு ஓடி வந்தாள். ஏன் கூட்டி வந்தீர்கள், சீக்கா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும், அங்கம்மா. நோட்டு செல்லாமப் போகும்னு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் உன்கிட்ட வந்தேன். அவரு எதுவும் சொல்லல. சிங்கப்பூர்ல மாத்தலாம்னு சொன்னது என் பொய்."

அங்கம்மா கையிலிருந்த மண்ணை மெல்ல உதிர்த்தாள். பசுவின் கழுத்துக்குக் கீழே விரலை ஓட்டினாள்.

"பசு போனது எனக்கு ஆறிப்போச்சு. ஊருக்கே போனது நமக்கும் போச்சுன்னு இருந்தேன். நீங்க இத சொல்லாமலே விட்டிருக்கலாம்."

டொரத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். அங்கம்மா அதை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பசுவைப் பழைய இடத்தில் கட்டிவிட்டு, கிழங்குப் பாத்திக்குத் திரும்பிப் போய்க் குனிந்துகொண்டாள். டொரத்தி கொஞ்ச நேரம் நின்றாள். உட்காரச் சொல்வார் யாரும் இல்லை. வெறுங்கையோடு நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகு காலையில் பால் வரவில்லை. டோரிஸ் பல நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு மறந்துபோனாள். கேப்ரியல் பசு இருந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்தான். மனைவியை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சந்தையில் அங்கம்மா எதிரே வந்தால், தலையை ஆட்டிவிட்டுப் போவாள். தெரிந்தவர்களுக்கு ஆட்டுகிற அளவுதான்.

கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, பசுவை விற்று அங்கம்மா ஊருக்குப் புறப்பட்டாள். சிங்கப்பூர் வண்டிக்காகத் தகரப்பெட்டியும் ஒரு மூட்டையுமாக லாபிஸ் நிலையத்தில் நின்றாள். சமையலறை ஜன்னலிலிருந்து டொரத்தி பார்த்தாள். போகலாமா வேண்டாமா என்று அடுப்பை அணைத்தாள், மூட்டினாள், மறுபடி அணைத்தாள். கடைசியில் டோரிசின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போய், சற்றுத் தள்ளியே நின்றாள்.

அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. அருகில் கூப்பிட்டு, எவ்வளவு உயரமாகிவிட்டாள் என்று தன் இடுப்போடு அளந்து பார்த்தாள். எப்போது பள்ளிக்கூடம் அனுப்புவீர்கள் என்று கேட்டாள். இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்றாள் டொரத்தி. வண்டி வந்தது. மூட்டையைத் தூக்கிக் கொடுக்க டொரத்தி குனிந்தபோது, பரவாயில்லை என்று சொல்லி அங்கம்மா தானே எடுத்துக்கொண்டு ஏறினாள்.

கேப்ரியல் தடம் மாற்றிவிட்டுக் கொடி காட்டினான். வண்டி போன பிறகும் டொரத்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டோரிஸ் அவள் கையை இழுத்துக்கொண்டே இருந்தாள்.