கவிழ்த்தாலும் விழாத குப்பி

அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒரு வேதியியல் பேராசிரியரைச் சந்தித்தேன். அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது, சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். அடிக்கடி கவிழ்த்துப் பார்ப்பார். உள்ளே இருந்த கூழ் விழாது.

“இன்னா சார், டீயையும் கவுத்துடாதே,” என்பார் கடைக்காரர்.

ஒரு பொடியைத் திரவத்தில் சூடாக்கிக் கரைத்து அசைக்காமல் வைத்தால், மூலக்கூறுகள் தாமாகவே கோத்துக்கொண்டு இறுகுமாம். அந்த ஆராய்ச்சியை நீட்டிக்கக் கேட்ட மனு திரும்பி வந்திருந்தது. ‘செய்த பணி’ என்ற கட்டத்தில் ‘தொடாமல் வைத்திருந்தேன்’ என்று எழுதியிருந்தார். அன்று மாலைக்குள் திருத்தாவிட்டால் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

முப்பத்தைந்து ஆண்டு அரசுக் கோப்பு பார்த்தவன் நான். “‘தொடர் கண்காணிப்பில் வைக்கப்பட்டது’ன்னு எழுதுங்க,” என்றேன்.

“பொய்யாச்சே சார். குப்பி ஆடக் கூடாதுன்னு ரூமைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேனே.”

“அதுக்குப் பேர்தான் கண்காணிப்பு.”

தயங்கித்தான் எழுதினார். நீட்டிப்பு கிடைத்தது. பிறகு டீக்கடைப் பக்கம் ஆளைக் காணோம். ஒரு மாதம் கழித்து ரயிலில் பார்த்துக் கேட்டேன்.

“கையெழுத்துப் போட்டுட்டேனே சார். இப்பல்லாம் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருக்கேன்.”

அதே வாக்கியத்தை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். எழுதினால் பார்க்கவும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.