வின்னி அத்தையை நம்பி விட்டுப்போன கிளி

ஜூலை மாதத்தில் ஒரு வாரம் எங்கள் ஹெப்ஷாவில் பஞ்சாலைகளையெல்லாம் மூடிவிடுவார்கள். ஊரே பெட்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்கு ரயில் ஏறும். என் அப்பாவுக்கு மூத்த வின்னி அத்தை மட்டும் அசைய மாட்டாள்.

"அங்க போய் மழைல நனையறதுக்கு, இங்கயே நனைஞ்சுட்டுப் போறேன்" என்பாள்.

தறிச் சத்தத்தில் அவளுக்குக் காது பாதி போய்விட்டது. அவள் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அப்பா வழியில் பிறந்த பிள்ளைகள் எல்லோரையும், நான் உட்பட, முதன்முதலில் குளிப்பாட்டியவள் அவள்தான். அந்த வருஷம் எனக்கு அம்மை போட்டு அப்போதுதான் இறங்கியிருந்ததால் என்னையும் அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கைக்குள் அடங்கும் சின்னக் கூண்டுக்கிளி வளர்த்தார்கள். அந்த வாரம் எல்லாக் கூண்டுகளும் அத்தையின் முன்னறைக்கு வந்துவிடும். அதில் ஒன்று கடைசி வீட்டு ஹோரஸ் மாமாவுடையது. அவர் மனைவி ஆலிவ் அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் காலமானாள். கிளிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தவள் அவள். "ஹோரஸ், பூட்ஸோட உள்ள வராத!" என்று அது கத்தினால் ஆலிவே அடுக்களையில் நிற்பது போலிருக்கும். அவள் குரல் என்று அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். மகள் வற்புறுத்தித்தான் அவரை ஊருக்கு அழைத்துப்போனாள்.

"பத்திரம் வின்னி" என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை அத்தை அந்தக் கிளியை அறைக்குள் பறக்கவிட்டிருந்தாள். அப்பாவின் சித்தப்பா மகன் ஏமஸ், ஆலை மூடியிருக்கும்போது கொதிகலனில் கரி சுரண்டுகிறவர், டீ குடிக்கலாம் என்று கதவைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்தார். கிளி அவர் தலைக்கு மேலாக வெளியே போய்விட்டது.

"கதவத் தட்டுற பழக்கமே கெடையாதாடா உங்க வீட்டுல?"

"ஒனக்குத் தட்டுனாக் கேக்காதேக்கா!"

"அந்த மனுஷன் மொகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?"

அன்று முழுக்கத் தேடினோம். அத்தை சாப்பிடவில்லை. கூரை கூரையாக அண்ணாந்து பார்த்தே அவள் கழுத்து பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை ஏமஸ் சித்தப்பா வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"அக்கா, ஆலிவ் திட்டுறாக்கா! ஆலைக் கூரைல உக்காந்துக்கிட்டுத் திட்டுறா!"

"பூட்ஸ் எங்கடா?"

"திட்டுன ஒடனே கழட்டிட்டேன். அப்புறந்தான் அது கிளின்னு வெளங்குச்சு."

வேறு எந்த வாரமாக இருந்தாலும் தறிகளின் இரைச்சலில் அந்தக் குரல் அவர் காதில் விழுந்திருக்காது.

அவர் ஏணி தேடினார். "நீ ஏறுனா கூரையே எறங்கிடும். கூண்டுங்களத் தூக்கிட்டு வா" என்றாள் அத்தை. மற்றக் கிளிகளையெல்லாம் ஆலை முற்றத்தில் வரிசையாக வைத்தோம். அவை ஒன்றாகக் கீச்சிட்டதும் மேலே இருந்தது இரண்டு சுற்றுச் சுற்றி வந்து ஒரு கூண்டின்மேல் உட்கார்ந்தது. அத்தை தன் ஏப்ரனைப் போட்டு மூடிப் பிடித்தாள். பிறகு கரிக்குவியல் என்றும் பாராமல் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஹோரஸ் மாமா கூண்டை வாங்க வந்தார். மறைத்திருக்கலாம், அத்தைக்கு அது வராது.

"அண்ணே, அது ஒரு நாள் வெளிய போயிடுச்சு. எம்மேலதான் தப்பு."

அவர் கூண்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆலிவும் ஒரு தரம் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா, புள்ள. அவ தங்கச்சி வீட்டுக்கு. மறுநாளே வந்துட்டா" என்றார். "இது எங்க போச்சு?"

"ஆலைக் கூரைக்கு."

"அவ்வளவுதானா?" என்று சிரித்துவிட்டு, "ஒரு வாரமாக் கடலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். டீ இருந்தாக் குடு" என்று உட்கார்ந்தார்.

அத்தை கெட்டிலை அடுப்பில் வைத்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.