வெள்ளையம்மாவுக்கு ஒரு சக்கரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஓர் எலி ஜெயித்தது.

எலியா என்று முகம் சுளிக்காதீர்கள். இது வெள்ளை எலி. காலேஜில் விலங்கியல் நடத்தும் என் மைத்துனர், அங்கே வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொண்டுவந்து தன் அக்காவிடம், அதாவது என் மனைவி விசாலத்திடம், கொடுத்தார். மகளைக் கட்டிக்கொடுத்தபின் பேச்சுத்துணை இல்லாமல் இருந்தவள். வெள்ளையம்மா என்று பெயர் வைத்தாள். பொட்டுக்கடலை கொடுத்தே குண்டாக்கினாள். "ஓடியாடலைன்னா ரொம்ப நாள் தாங்காதுக்கா" என்றார் மைத்துனர். விசாலத்துக்குத் தூக்கம் போயிற்று.

பினாங்கிலிருந்து வந்த பத்திரிகை ஒன்றில் வழி கிடைத்தது. கூண்டுக்குள் ஒரு சக்கரம், அதில் ஓடும் எலி... படத்தோடு எங்கள் தெருப் பத்தரிடம் போனேன். நகை வேலையில் கெட்டிக்காரர்.

பத்தர் வீட்டுக்கே வந்தார். வளையலுக்குக் கையளவு எடுப்பது போல, நான் வெள்ளையம்மாவை உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள, இடுப்பைச் சுற்றி நூல் பிடித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நகை என்றால் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். கம்பிக்குக் கம்பி சந்து விட்டால்தான் அழகு. பத்தர் அப்படித்தான் செய்தார். பித்தளைக் கம்பியில் சின்னதாய் ஒரு சக்கரம். கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கே போகலாம்.

வெள்ளையம்மா நாலு சுற்று ஓடினாள். ஐந்தாவதில் கீச்சென்று ஒரு சத்தம் — கம்பிச் சந்தில் வால் மாட்டிக்கொண்டது. நான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த, விசாலம் வாலை எடுத்துவிட்டாள். தோல் உரிந்து ரத்தம். மஞ்சள் வைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு என் மேலேயே கோபம்.

செய்தி கேட்டு ஓடிவந்த பத்தருக்கு முகம் செத்துவிட்டது. "கம்பிச் சந்தை இன்னுங் கொஞ்சம் குறுக்கித் தாரேன் ஆச்சி."

"குறுக்குனா வாலு தப்பும், வெரலு மாட்டும். சந்தே வேணாம் பத்தரே" என்றாள் விசாலம். "ஓடுறப்ப அது முதுகை நீங்க பாக்கலையே. வளைஞ்சு கெடந்துச்சு. இடுப்பை அளந்தீகளே, இடுப்பா ஓடுது?"

பத்தர் தன் சக்கரத்தைக் கூண்டிலிருந்து கழற்றினார். நான் கூண்டைப் பிடித்துக்கொண்டேன்.

விசாலம் உள்ளே போய் இருப்பதிலேயே அகலமான பலகார டின்னை எடுத்து, முறுக்கை எல்லாம் பேப்பரில் கொட்டினாள். வெள்ளையம்மாவைத் தரையில் ஓடவிட்டு, மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நூல் பிடித்தாள். டின் அதைவிட ஒன்றரைப் பங்கு அகலம். பத்தர் அதன் உயரத்தை வெட்டிக் குறைத்தார். விளிம்பை மடித்து வழவழவென்று அராவினார். டின் படுத்தவாக்கில் சுழல, அச்சு பின்பக்கம் மட்டும். முன்பக்கம் குறுக்குக் கம்பியே கிடையாது. வழுக்காமலிருக்க உள்ளே சைக்கிள் டியூப்.

வால் ஆறிய பிறகு, சென்ற ஞாயிறு, வெள்ளையம்மா டின்னுக்குள் இறங்கினாள். மோந்து பார்த்தாள். ஓர் அடி... இரண்டு... பிறகு ஓடினாள் பாருங்கள், முதுகு நேராக, வால் பத்திரமாக, நிற்கவே மாட்டேன் என்று. விசாலம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பத்தர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கத்துல எத்தனையோ செஞ்சிருக்கேன் ஆச்சி. எதைப் பாத்தும் இப்புடி நெஞ்சு நெறஞ்சதில்ல."

ஓடப்போகிறவளை ஓடவிட்டு அளந்தவளும் ஜெயித்தாள். உட்காரவைத்து அளந்த ஆண்பிள்ளைகள் இருவரும் கை தட்டினோம்.