எங்கேயிருந்து வந்தது என்ற கேள்வி

நோர்வேயின் ஒஸ்லோ நகரில், புருசெத் என்ற பகுதியில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிற உதயகுமாரிக்கு நோர்வேஜிய மொழியில் சண்டை பிடிக்கவும் தெரியும், சாகக் கிடப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லவும் தெரியும். அப்படியிருந்தும், முக்கியமான விடயம் என்று சொல்லி அவளுடைய குடும்ப வைத்தியர் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார். கருப்பைக் கழுத்துப் பரிசோதனையில் எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறது, உயிர்க்கலங்களிலும் மாற்றம் தெரிகிறது என்று முந்தின கிழமைதான் அவளுடைய கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்திருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை.

வைத்தியர் ஒலிபெருக்கியை அழுத்தினார். "வணக்கம்" என்ற குரலைக் கேட்டதும் உதயகுமாரி திடுக்கிட்டாள். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேத வாசகம் வாசிக்கிறவருடைய குரல் அது. இத்தனை பேர் இருக்கிற ஒஸ்லோவில் வேறொருவர் கிடைக்கவில்லையா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் இந்த வைரஸ் தொற்றுகிறது, பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்து போகிறது என்று வைத்தியர் சொன்னார். மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"ஒழுக்கமில்லாத தொடர்பாலை வாற கிருமி எண்டு டொக்டர் சொல்லுறா."

உதயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. அவ சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. நீங்கள் போனை வையுங்கோ" என்றாள். பிறகு வைத்தியரிடம் திரும்பி, அந்த மனிதர் சொன்னதை நோர்வேஜிய மொழியில் அப்படியே சொல்லிக் காட்டி, இனி நேரே தன்னிடம் முதலிலிருந்து சொல்லும்படி கேட்டாள். வைத்தியருடைய முகம் சிவந்துவிட்டது.

முதலிலிருந்து கேட்டபோது, இது புற்றுநோய் அல்ல என்பது தெரிந்தது. அநேகமாக உடம்பே இந்த வைரஸை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிடுகிற சில வகைகள்தான், பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள். எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்று எவராலும் சொல்ல முடியாது. வருடக் கணக்காக வெளியே தெரியாமலே உடம்பில் கிடந்திருக்கலாம்.

வீட்டில் அவளுடைய கணவர் பிலேந்திரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப உமக்கு இது எங்கையிருந்து வந்தது?"

கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் வந்தாள். என்றாலும் கேட்டபோது தாங்க முடியவில்லை.

"கலியாணத்துக்கு முன்னம் நீங்கள் திராமன் ரவுணிலை தனிய இருந்தனீங்கள். அங்கை என்ன செய்தனீங்கள் எண்டு நான் ஒருநாளாவது கேட்டனானோ?"

பிலேந்திரன் எழுந்து பல்கனிக்குப் போனார். அதன் பிறகு சில நாட்கள் அவர் சாப்பாட்டைப் பற்றியும் பஸ் ஓடுகிற தெருக்களில் கொட்டிய பனியைப் பற்றியும் மட்டுமே கதைத்தார். சிநேகிதி மரியமலரிடம் சொன்னால் மனம் ஆறும் என்று பார்த்தால், அவள் உனக்காக ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்குகிறேன் என்று அழுதாள். நீ கடைசியாக எப்போது இந்தப் பரிசோதனை செய்தாய் என்று உதயகுமாரி கேட்டதற்கு, தனக்கு அப்படியான நோய் வருத்தங்கள் வராது என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டாள் உதயகுமாரி.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பிலேந்திரன் கூப்பிடாமலே கூட வந்தார். சோதனை முடிந்ததும், தானும் சோதித்துப் பார்க்க வேண்டுமா என்று பெண்நோய் வைத்தியரிடம் கேட்டார். ஆண்களுக்கு வழமையாக அப்படியொரு பரிசோதனை கிடையாது என்று அவர் சொன்னதும் பிலேந்திரனுடைய முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய எரிச்சல். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கிறதும் அவள், கேள்விக்குப் பதில் சொல்லுகிறதும் அவள். திரும்பி வரும்போது ரயிலில் அதை அவரிடம் சொன்னாள்.

மாற்றம் சிறியது, சிகிச்சை தேவையில்லை, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்று முடிவு வந்தது. அடுத்த வருடம் கலங்கள் வழமைக்குத் திரும்பியிருந்தன. வைரஸ் மட்டும் போகவில்லை.

"அப்ப நல்லதோ, கூடாதோ?" என்று பிலேந்திரன் கேட்டார்.

"நல்லதுதான். ஆனா முடியேல்லை. வாற வரியமும் போகவேணும்" என்றாள் உதயகுமாரி.

அன்றைக்குத் தானும் லீவு எடுக்கிறேன் என்றார் அவர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், வரட்டும் என்று விட்டுவிட்டாள்.